வெக்ஸ்லர் பெரியவர் நுண்ணறிவுச் சோதனையின் ஐந்தாம் பதிப்பு: ஒரு மதிப்புரை

பியர்சன் நிறுவனம் 2008இல் வெளியிட்ட நான்காம் பதிப்புக்குப் பிறகு, ஐந்தாம் பதிப்பு 2024இல்தான் வந்தது. மருத்துவ உளவியலில் பதினாறு ஆண்டுகள் மிக நீண்ட காலம். அமெரிக்காவில் நுண்ணறிவுச் சோதனைகளின் சராசரி மதிப்பெண் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளிகள் உயர்ந்துவந்ததை ஃப்ளின் விளைவு என்பர். பழைய ஒப்பீட்டு அளவுகளை (முன்பு சோதிக்கப்பட்ட மக்களின் மதிப்பெண்களை) வைத்து மதிப்பிட்டால், அறிவுசார் குறைபாட்டுக்கான எல்லையாகக் கொள்ளப்படும் 70க்கு உண்மையில் கீழே இருப்பவர் அதற்கு மேலே இருப்பதாகத் தோன்றி, அறிவுசார் குறைபாட்டுக்கான உதவியை இழக்க நேரலாம். அந்நாட்டில் மரண தண்டனை வழக்குகளிலும் இந்த எண் வாதிடப்படுகிறது என்பதை எண்ணினால், இந்தத் தாமதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

புதிய பதிப்பின் சிறந்த மாற்றம், புலனறிவுத் தர்க்கம் என ஒன்றாக இருந்த குறியீட்டை (சில உட்சோதனைகளின் தொகுப்பு மதிப்பெண்ணை) காட்சி-இடவெளித் திறன், புதுச்சிக்கல் தீர்க்கும் தர்க்கத் திறன் என இரண்டாகப் பிரித்திருப்பதே. கட்டைகளை அடுக்கத் திணறினாலும் தர்க்கத்தில் தெளிவாக இருக்கும் நோயாளியின் நிலை இப்போது அறிக்கையில் தனியே தெரிகிறது. மூளைக் காயத்துக்குப் பின் மறுவாழ்வைத் திட்டமிடுவோருக்கு இது பெரும் உதவி.

மொத்த நுண்ணறிவு ஈவுக்கு (IQ) முன்பு பத்து உட்சோதனைகள் தேவைப்பட்டன. இப்போது ஏழு போதும். சோர்வுறும் முதியவர்களுக்கு இது நன்மையே. எனினும், நினைவுத்திறன் உட்சோதனைகளும் மாறியிருப்பதால், பழைய அறிக்கையின் எண்ணைப் புதியதோடு நேரடியாக ஒப்பிட்டுச் சரிவு என்று எழுதிவிடக் கூடாது.