மேசைமேல் காந்த ஒத்ததிர்வுக் கருவி: வாங்குமுன் அலையின் கட்டத்தை (phase) கேளுங்கள்

எங்கள் முதுகலை இயற்பியல் ஆய்வகத்துக்கு வாங்கிய துடிப்புக் காந்த ஒத்ததிர்வுக் கருவியைப் பற்றிய மதிப்புரை இது. அரை டெஸ்லா நிலைக்காந்தம், 21 மெகாஹெர்ட்ஸ், காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் சீராக மாற்றும் புலச்சரிவுச் சுருள்கள். விலை அதிகம்தான். ஆனாலும் ஸ்பின் விரவலை (சிறு காந்தம்போல் நடக்கும் அணுக்கருக்களின் ஸ்பின் திரவத்தில் பரவுவதை) மாணவர்களுக்குப் புரியவைக்க இதற்கு ஈடான வேறொன்றை நான் பார்த்ததில்லை.

சிறு குழாயில் சில துளித் தண்ணீர். முதல் துடிப்பு ஸ்பின்களைச் சாய்க்கும், இரண்டாவது திருப்பிவிடும், திரையில் எதிரொலி எழும். சுருளில் மின்னோட்டத்தைக் கூட்டினால் அந்த எதிரொலி படுத்துவிடும். துடிப்புகளின் இடைவெளியை இரட்டித்தால், எதிரொலியின் தேய்வில் விரவல் தரும் அடுக்குக்குறி (exponent) எட்டு மடங்காகிறது. அதே சரிவில் கிளிசரினை வைத்தால் விரவலால் வரும் தேய்வு தெரிவதே இல்லை.

நான் இதைப் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் இரட்டைத்தட வெளியீடு. எதிரொலியின் உயரத்தோடு அதன் கட்டமும், அதாவது அலை எந்த நிலையில் இருக்கிறது என்பதும், தெரிகிறது. தண்ணீரில் முதல் துடிப்பு ஸ்பின்களைச் சாய்க்கும் கோணத்தை மாற்றினாலும் கட்டம் அசையாது. தனிச்சுழியை ஒட்டிய மில்லிகெல்வின் குளிரில் உள்ள ஹீலியம்-3 (ஹீலியத்தின் இலேசான ஓரிடத்தான்) திரவத்தில் அசையும் என்று 1968இல் இயற்பியலாளர்கள் லெகெட்டும் ரைஸும் கணித்தார்கள். அக்கம்பக்கத்து அணுக்களின் சராசரிப் புலத்தில் ஸ்பின் ஓட்டமே சுழல்கிறது. 1971இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கொருசினி, ஓஷெராஃப், லீ, ரிச்சர்ட்சன் ஆகியோர் அதை அளந்துகாட்டினர்.

அதே ஹீலியம்-3 திரவத்தில், வலுவான காந்தப்புலத்தில் இன்னொன்றும் நடக்கிறது. மேல்ஸ்பின், கீழ்ஸ்பின் அணுக்களின் ஃபெர்மி கோளங்கள் (அவை நிரப்பும் உந்தநிலைகளின் கோளங்கள்) அளவில் வேறுபடுகின்றன. புலத்தின் திசையிலான ஸ்பின் பரவும் நீளவாட்டு விரவலில், மோதலுக்கான இடம் குளிரக் குளிரச் சுருங்கும்; மோதல் குறைய விரவல் வளரும். குறுக்காகச் சாய்ந்த ஸ்பின்னுக்கோ இரு கோளங்களுக்கும் இடைப்பட்ட பகுதி முழுவதும் திறந்தே இருக்கும். அதனால் குறுக்கு விரவல் ஓர் அளவுக்கு மேல் வளராது. 1993இல் ஆம்ஹெர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகக் குழு ஸ்பின் எதிரொலி கொண்டே இந்தத் திசைவேறுபாட்டைக் கண்டது. அறைவெப்பத் தண்ணீரில் அதைக் காண முடியாது. ஆனால் அளக்கும் முறையை எங்கள் மாணவர்கள் கைப்படக் கற்றுவிடுகிறார்கள்.

குறை: அறைவெப்பம் மாறினால் காந்தப்புலம் நகர்கிறது. குளிர்சாதனத்தை வகுப்புக்கு வெகுமுன்பே ஓடவிட்டு, அதிர்வெண்ணை அடிக்கடி சரிசெய்ய வேண்டும். சரிவின் அளவைக் கையேட்டை நம்பி எடுக்காதீர்கள், 25 டிகிரித் தண்ணீரின் விரவல் எண்ணை (நொடிக்கு 2.3×10⁻⁹ சதுர மீட்டர்) வைத்து நீங்களே கணித்துக்கொள்ளுங்கள்.

உயரத்தை மட்டும் காட்டும் மலிவு மாதிரி வேண்டாம். பணம் கட்டுமுன், துடிப்பின் நீளத்தை (அதனால் சாய்வுக் கோணத்தை) மாற்றி இரு தடங்களிலும் எதிரொலியைக் காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள்.