வாடகை வீட்டுக்கு வந்த டிஜிட்டல் பியானோ: யமஹா பி-45

கடற்காற்று நேரே வந்து அடிக்கும் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, அதுவும் வாடகை வீடு. இத்தனையும் கேட்டுவிட்டு, "வாங்கினால் மரப் பியானோதான் வாங்க வேண்டும்" என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் பலர். தூக்க வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சுவரோரம் நிறுத்தும் வகையில் யமஹா யூ1 என்றால் உயரம் 121 செ.மீ., எடை இருநூறு கிலோவுக்கு மேல்.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? பெரம்பூரில் பழைய ரயில்வே குடும்பம் ஒன்று பியானோவை விற்கிறது என்று கேள்விப்பட்டு, சுருதி சேர்ப்பவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். வார்னிஷ் பளபளத்தது. அவர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். சுத்தியல்களின் கம்பளியில் பூச்சி அரித்த குழிகள், கம்பிகளில் துரு, தாமிரம் சுற்றிய மந்தரக் (தாழ்ந்த ஒலிக்கான) கம்பிகளில் பச்சைக் களிம்பு. முறுக்காணியில் சாவியை மாட்டி லேசாகத் திருப்பியதும் உதட்டைப் பிதுக்கினார். "பிடிப்பு போய்விட்டது சார். இன்று சேர்த்தால் அடுத்த வாரமே இறங்கிவிடும்." இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள் டன் கணக்கில் இழுக்கின்றன, அத்தனை ஆணிகளையும் தாங்குவது ஒரு மரக்கட்டை. அது தளர்ந்துவிட்டால் மேலே எவ்வளவு வார்னிஷ் அடித்தும் பயனில்லை. மழையில் உப்பி ஏசியில் சுருங்கும் சென்னை வாழ்க்கை மரத்துக்கு ஆகாது.

ஆகவே டிஜிட்டல். 1842-இல் தொடங்கிய அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் உட்பட நகரத்தில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) விற்பனையாளர் 61 கட்டை கீபோர்டு ஒன்றைத் தள்ளிவிடப் பார்த்தார். நூற்றுக்கணக்கான ஒலிகளாம், குதிரைக் குளம்படி வரைக்கும் வாசித்துக் காட்டினார். பியானோ படிக்கும் என் மகளுக்குக் குதிரை எதற்கு? அவளுக்கு வேண்டியது கனமான கட்டை. மெல்ல அமுக்கினால் மெல்லக் கேட்க வேண்டும், ஓங்கி அடித்தால் அதிர வேண்டும். லேசான கட்டையில் பழகிய விரல் தேர்வு அறையில் உண்மைப் பியானோவின் முன் திணறும்.

பி-45-இல் 88 கட்டைகள்; இடப்பக்கம் கனம் கூடி, வலப்பக்கம் போகப்போகக் குறைகிறது. எடை 11.5 கிலோ, நானே தோளில் சுமந்து மாடி ஏறினேன். ஒலிகள் பத்துதான். முகப்பில் மின் சுவிட்சையும் ஒலி அளவையும் தவிர ஒரே ஒரு பொத்தான். மற்ற எதற்கும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஏதாவது ஒரு கட்டையைத் தட்ட வேண்டும். எந்தக் கட்டை எதற்கு என்பது கையேட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டோம்.

என் அம்மா பாடுவது ஐந்தரைக் கட்டை சுருதியில், அதாவது மேற்கத்தியக் கணக்கில் 'ஜி ஷார்ப்'. பேத்தி தனக்குப் பழகிய 'சி'யிலேயே வாசித்தாலும், சுருதியை நான்கு அரைச்சுரம் (கறுப்பு வெள்ளை சேர்த்து நான்கு கட்டை தூரம்) இறக்கி வைத்தால் பாட்டியின் ஸட்ஜமத்தில் வந்து நிற்கிறது. இந்த ஒரு வசதிக்காகவே வீட்டில் எதிர்ப்பு அடங்கியது. சுரத்தை அசைத்து நெளிக்கும் கமகம் மட்டும் இதில் வராது. பியானோவில் தோடி கேட்டதும் அம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

குறைகள் உண்டு. ஸ்பீக்கர் பக்கத்துக்கு ஆறு வாட். மந்தரம் மெலிந்து ஒலிக்கிறது. நல்ல ஹெட்போனில் கேட்டால் அது வேறு வாத்தியம். ஆனால் ஹெட்போன் போட்டாலும் கட்டை இறங்கும் 'தொப் தொப்' கீழ்வீட்டுக்குப் போகும், ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த விரிப்பு அவசியம். பெட்டியோடு வரும் பெடல் வெறும் சுவிட்ச். எடையுள்ள உலோகப் பெடலைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டாண்டில் சிக்கனம் பார்க்க வேண்டாம், குறுக்குக்கால் வகை முழங்காலில் இடிக்கும். தொடுகை மட்டுமே கணக்கு என்றால் ரோலண்டின் டிஜிட்டல் பியானோவான எஃப்பி-10 ஒரு படி மேல் என்பது என் மகளின் தீர்ப்பு. எனக்கு யமஹாவின் ஒலி பிடித்தது, பணம் கொடுத்ததும் நான்தான்.

2023-இல் இதன் இடத்துக்கு பி-145 வந்துவிட்டது. அதனால் பி-45 பழையதாக நல்ல விலைக்குக் கிடைக்கும். அதைப் பார்த்து வாங்கப் போகும்போது ஹெட்போனைக் கையோடு கொண்டுபோங்கள். 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, முதலில் மெதுவாகவும் பிறகு ஓங்கியும் தட்டிப் பாருங்கள். அதிகம் தேய்ந்திருப்பது நடுப்பகுதிதான். அங்கே ஒரு கட்டை மட்டும் தனியாகக் கத்தினால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.