சென்னை–சிங்கப்பூர் இரவு விமானம்: பதினோர் ஆண்டு அனுபவம்

வயதான தாயாருடன் சிங்கப்பூர் செல்லவிருக்கும் நண்பர் ஒருவர், சென்னையிலிருந்து எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர், நேரம் ஏறத்தாழ 4 மணி 20 நிமிடம் என்று உடனே சொல்லிவிட்டேன். மகன் குடும்பத்தைப் பார்க்கப் பதினோர் ஆண்டுகளாக ஆண்டுக்கு இருமுறை போய்வரும் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுவல்ல என்று அன்றிரவே மனம் உறுத்தியது.

பயணத்தில் குறையென்று பெரிதாக ஒன்றுமில்லை. வங்கக் கடலைத் தாண்டி, நிக்கோபார்த் தீவுகளுக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் அருகே சென்று, மலாக்கா நீரிணையை ஒட்டி இறங்கும் வழி இது. என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி நாள்கணக்கில் கடந்த அதே கடலை நாம் ஒரு தூக்கத்தில் கடந்துவிடலாம் என்பது இன்றும் எனக்கு வியப்புதான்.

ஆனால் அந்தத் தூக்கம்தான் கிடைப்பதில்லை. இரவு 11.15க்குப் புறப்பட்டால், சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து முடித்து விளக்கை அணைக்க ஒரு மணியாகிவிடும். நம் கணக்கில் மூன்று மணிக்கெல்லாம் மீண்டும் விளக்கேற்றி, இருக்கையை நிமிர்த்தச் சொல்லி எழுப்புவார்கள். இறங்கும்போது அங்கே மணி 6.05. வெளியே கும்மிருட்டு. கைக்கடிகாரத்தின் திருகை இழுத்து முள்ளை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளும்போது ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

அந்த இரண்டரை மணி நேரம் முழுவதும் சூரியனுடைய கணக்கன்று. இரு நகரங்களுக்கும் இடையே உள்ள தீர்க்கரேகை வேறுபாடு ஏறக்குறைய 24 பாகை. பாகைக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வரும். 1982 ஜனவரி 1ஆம் தேதி மலேசியத் தீபகற்பம் தன் கடிகாரத்தை அரைமணி முன்னே நகர்த்தியபோது, அண்டை நாட்டோடு ஒத்துப்போகச் சிங்கப்பூரும் நகர்த்தியது. அதுவரை நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேர வேறுபாடுதான். அங்கே ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியளவில்தான் விடிகிறது என்பதற்குக் காரணம் இதுவே. வணிகத்துக்கு அது நியாயமான முடிவு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அந்த அரைமணி வேண்டும். குடிநுழைவுச் சோதனை முடிந்து, பெட்டியை எடுத்து, டாக்சி பிடித்து ஜூரோங் சேரும்போது 7.10 ஆகிவிடுகிறது. பேரனைப் பள்ளிப் பேருந்து 6.50க்கே அழைத்துச் சென்றிருக்கும். இந்த இருபது நிமிடத்தில்தான் அவனை ஒவ்வொரு முறையும் தவறவிடுகிறேன்.

திரும்பும் பயணம் இதற்கு நேர்மாறானது. அங்கே இரவு எட்டு மணிக்குக் கிளம்பினால் இங்கே பத்து மணிக்குள் இறங்கிவிடலாம். இழந்த நேரம் முழுவதும் கைக்கு வந்துவிடுகிறது. அன்றிரவே சொந்தக் கட்டிலில் படுக்கும் சுகத்துக்கு ஈடில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில் இது: தாயாரைப் பகல் விமானத்தில் அழைத்துச் செல்லுங்கள், போகும்போது இரவு விமானம் வேண்டவே வேண்டாம். நான் மட்டும் ஜூன் மாதத்துக்கு மீண்டும் இரவு விமானத்திலேயே பதிவு செய்திருக்கிறேன். அப்போது அங்கே பள்ளி விடுமுறை, 7.10க்குக் கதவைத் திறப்பவன் பேரனாகவே இருப்பான்.