ஸ்லைடிங் கேட் மோட்டார்: 14 மாசத்துல ரிப்பேர், கம்பெனி என்ன செஞ்சாவ

திருநெல்வேலி வண்ணார்பேட்டைல எங்க வீட்டு ஸ்லைடிங் கேட்டுக்கு மோட்டார் மாட்டுனோம், பிட்டிங்கோட சேத்து 32,000 ரூவா. அப்பாவுக்கு முட்டுவலி, கார விட்டு எறங்கி கேட்ட தள்ள முடியல, அதுக்காகத்தான் வாங்குனதே. 2023 டிசம்பர் வெள்ளத்துல தெருவுல முழங்காலுக்குத் தண்ணி நின்னத பாத்தவங்க நாங்க, அதனால ஒன்றரை அடிக்கு காங்கிரீட் மேடை கட்டி மோட்டார அதுமேல வச்சு, கேட்டுல இருக்க பல்லுச்சட்டத்தையும் (ரேக்கு) மேல ஏத்தி வெல்டு வச்சோம். ஒரு வருசம் ஒரு குறையும் இல்ல.

இந்த ஆடில ஒரு நாள் சாயங்காலம் கேட்டு தொறக்கு, மூட மாட்டேங்கு. ரிமோட்ட அமுக்குனா டப்பாக்குள்ள டிக்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். வித்த கடை அண்ணாச்சிக்கு போன் போட்டா வந்து பாக்காமலே "மோட்டார் போயிருக்கும், புதுசு போட்டுருங்க"ன்னுட்டாவ. எனக்கு மனசே விட்டுப்போச்சு, வாரண்டி 2 வருசம்னு சொல்லி வித்ததே அவுகதான். ராத்திரி பூரா கேட்டு தொறந்தே கெடந்து, விடிஞ்சு பாத்தா அம்மா வச்ச செம்பருத்திய ஆடு மொட்டையாக்கிட்டு போயிருக்கு.

மறுநாள் கம்பெனி கஸ்டமர் கேர். இருவது நிமிசம் பாட்டு ஓடுச்சு, ஆனா எடுத்த பிள்ள நல்லா தமிழ்ல, பொறுமையா பேசுச்சு. மொத கேட்டதே, "மேனுவல் சாவி எங்க சார் இருக்கு?" பில்லோட கவர்ல பீரோக்குள்ள கெடந்துச்சு, மாட்டுனவரு அத பத்தி ஒரு வார்த்த சொல்லல. சாவிய போட்டு திருப்பி லீவர இழுத்தா கேட்டு லேசா கையாலயே ஓடுது, அம்மாவே தள்ளிட்டாவ.

அடுத்து சென்சார், குறுக்க ஏதும் இருந்தா கேட்ட மூட விடாத கண்ணு. ஆடிக்காத்து தூசி போதாதுன்னு கண்ணாடி மேல குளவி மண்கூடு கட்டியிருந்துச்சு, சுரண்டித் தொடச்சேன், அப்பவும் மூடல. அப்போ அந்தப் பிள்ள சொன்னது எனக்கு ரொம்பப் புடிச்சுது: சென்சார் மறைஞ்சிருந்தா மூடுறதுக்கு மோட்டார் டப்பாக்குள்ள இருக்க சர்க்யூட் போர்டு ஆர்டரே குடுக்காது, டிக் சத்தமும் வராது, தொறக்கவும் மூடவும் மோட்டார சுத்த வைக்குதது ஒரே கண்டென்சர்தான், தொறக்குதுன்னா அதுவும் நல்லாருக்கு, அப்ப போர்டுல மோட்டாருக்கு கரண்ட விடுத சுவிட்சு, அந்த மூடுத பக்கத்து ரிலேதான் போயிருக்கும் சார். வாட்சப்புல வீடியோ, சீரியல் நம்பர் ஸ்டிக்கர், பில்லு போட்டோ அனுப்பச் சொல்லிச்சு.

ஆறு நாள் கழிச்சு மதுரைல இருந்து டெக்னீசியன் தம்பி வந்து போர்ட கழட்டி திருப்பிக் காட்டுனான், ரிலே கால்ல ஈயம் கறுத்து விரிசல் விட்டுக் கெடந்துச்சு, மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல. புது போர்டுக்கு ஒத்த ரூவா வாங்கல. ஆனா விசிட்டுக்கு 750 வாங்கிட்டாவ, கார்டுல பொடி எழுத்துல லேபர் 1 வருசந்தான்னு இருக்கு, போன்லயே சொல்லிருக்கணும், இது தப்புதான். புது போர்டுங்கறதால மூணு ரிமோட்டயும் திரும்ப சேத்து, கேட்டு எங்க வந்து நிக்கணும்னு லிமிட்டு செட் பண்ணி, ஒரு பலகைய குறுக்க வச்சு மூடிப் பாத்தான், இடிச்சதும் கேட்டு பின்னால போச்சு. அப்பா மெதுவா நடக்கவரு, எனக்கு அத பாத்த பெறகுதான் நிம்மதி.

மோட்டாரும் கம்பெனியும் வாங்கலாம், கடைய நம்பாதீங்க. மாட்டுத அன்னைக்கே சாவிய கேட்டு வாங்கி, வீட்டுல உள்ள பெரியவுகள ஒருக்கா கேட்ட தள்ளிப் பாக்கச் சொல்லுங்க. எங்க வீட்டுச் சாவி இப்ப வாசக்கதவுப் பக்கத்து ஆணில தொங்குது.