மினி டிராக்டர் ரிப்பேருக்கு விடுகிறவர்கள் கவனத்துக்கு: இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள்

குறுவைக்குத் தண்ணீர் வருகிற சமயம் பார்த்து, பழைய மினி டிராக்டர் வைத்திருக்கிறவர்களிடம் ஒரு வேலை நடக்கிறது. ஒர்க்‌ஷாப்காரரும் புது வண்டி விற்கிற ஆளும் கைகோத்துக்கொண்டு செய்கிற வேலை. 2025 குறுவைக்கு முன்னால் திருவாரூர் மாவட்டத்தில் எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பெயரை விட அவர்கள் செய்கிற முறை தெரிவதுதான் உங்களுக்கு உதவும்.

எங்களுடையது 2012இல் வாங்கிய மூன்று சிலிண்டர் வண்டி. எங்கள் பக்கத்துக் களிமண்ணில் பெரிய டிராக்டர் இறங்கினால் சில வயல்களில் அச்சு வரை புதைந்துவிடும். இந்தச் சின்ன வண்டி கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிக்கொண்டு சேற்றுழவை முடித்துவிடும். தென்னைக்கும் வாழைக்கும் நடுவில் போய் வரும். அதனால்தான் இத்தனை வருஷமாக அதை விடவில்லை. கோடை உழவில் ரொட்டவேட்டர் போட்டபோது இழுவை குறைந்து, லோடு ஏறினால் கருப்பாகப் புகை தள்ளியது. பின்னால் கருவியைத் தூக்குகிற லிஃப்ட்டைத் தூக்கி வைத்தால் மெல்ல மெல்ல இறங்கியது. அவ்வளவுதான் கோளாறு. ஆயில் குறையவில்லை, ஹீட் ஆகவில்லை, காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது.

டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "பார்த்துட்டுச் சொல்லுங்க, நான் சொன்ன பிறகு வேலையை ஆரம்பிங்க" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மறுநாள் போன். "அண்ணே, கொஞ்சம் நேர்ல வந்து பாருங்கண்ணே."

போனால் இன்ஜின் முழுக்கப் பிரிந்து கிடந்தது. ஹெட் ஒரு பக்கம், பிஸ்டன்கள் டீசல் தட்டில், பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் தண்டு ஒரு சாக்கின் மேல். யாரைக் கேட்டுப் பிரித்தீர்கள் என்றால், "பிரிச்சாத்தானேண்ணே உள்ள என்னன்னு தெரியும்" என்றார். கிராங்க்கில் விரலை வைத்துத் தடவச் சொன்னார். நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. "கிராங்க் போச்சு, ஃபுல் இன்ஜின் வேலைதான், 1,10,000 ஆகும், சாமான் வரப் பதினைஞ்சு நாள் ஆகும்." ஜூன் 12 மேட்டூர் திறப்பு நெருங்கிவிட்டது. ஆர்டர் போட 25,000 அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு, எல்லாம் முடிந்ததும் ஒரே பில்லாகத் தருவதாகச் சொன்னார்.

அங்கேயே பெஞ்சில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். டிராக்டர் ஷோரூம் ஆள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "இந்த வண்டிக்கு லட்சம் ரூபா போடுறீங்களே, எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடுங்க, கிடக்குற நிலைமையிலேயே 55,000 எடுத்துக்கறோம், நாலு நாள்ல புது வண்டி வயல்ல நிக்கும்" என்றார். அதே வயசு வண்டி ஓடுகிற நிலையில் எங்கள் பக்கம் ஒன்றரை லட்சம் வரை போகிறது. பிரித்துப் போட்டதால்தான் அது 55,000. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். வண்டியைச் சரி செய்வதா மாற்றுவதா என்ற முடிவை இன்ஜின் மூடியிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பிரித்து விட்டால் வேறு மெக்கானிக்கிடம் ஓட்டிப் போக முடியாது, வேறு ஆளிடம் விலை கேட்க முடியாது. அவர்கள் சொல்வதுதான் ரிப்பேர் செலவு, அவர்கள் சொல்வதுதான் பழைய வண்டி விலை.

அந்த ஷோரூம் ஆள் என்னைப் பயமுறுத்தச் சொன்னவை எல்லாமே பொய். பதினைந்து வருஷம் ஆனால் டிராக்டரை ஸ்கிராப்புக்குத்தான் போடணும், ஆர்.சி. புதுப்பிக்க மாட்டார்கள் என்றார். விவசாய டிராக்டருக்குக் கட்டாய ஸ்கிராப் கிடையாது. பத்து வருஷத்தில் ஸ்கிராப் என்று வதந்தி பரவியபோது 2023இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே மறுத்திருக்கிறது. முதலில் 15 வருஷத்துக்குப் பதிவு, அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். பதினைந்து வருஷத்தோடு முடிவது அரசாங்க வண்டிகளின் பதிவுதான். புகைச் சட்டம் வந்துவிட்டது, பழைய வண்டியைப் பிடிப்பார்கள் என்றார். 2023 ஜனவரியில் வந்த அந்தப் புது விதி 50 ஹெச்பிக்கு மேல் புதிதாகத் தயாரிக்கும் டிராக்டர்களுக்கு. நம்முடைய சின்ன வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த வாரம் புக் பண்ணாவிட்டால் விலை ஏறிவிடும் என்றும் சொன்னார். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. டயருக்கும் பல உதிரி பாகங்களுக்கும் 18இலிருந்து 5 ஆனது. வரிக்கு முன் நாலரை லட்சம் விலையுள்ள வண்டி என்றால் வரியில் மட்டும் 31,500 வித்தியாசம். இப்போது சாமான் வாங்குகிறவர்கள் பில்லில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய வரியையே போட்டு வாங்குகிற கடைகள் இருக்கின்றன.

அப்புறம் வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்றுவதற்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டையும் நீட்டினார். தேதி இல்லை, வாங்குகிறவர் பெயர் இல்லை. மதிப்புப் போடத்தான் கையெழுத்து என்றார். நான் போடவில்லை. எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இப்படிப் போட்டுக் கொடுத்த வண்டி கொள்ளிடத்தில் மணல் ஏற்றிப் பிடிபட்டு, போலீஸ் அவர் வீட்டுக்கு வந்தது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து இழப்பீடும் அவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. வண்டியை விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு.

மோசடி வெளியில் வந்தது என் சித்தப்பா மகனால். தம்பி கும்பகோணத்தில் லேத் பட்டறையில் இருக்கிறான். கூட்டிக்கொண்டு போனேன். கிராங்க்கை அவன் பெரிதாகப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் கிடந்த, கிராங்க்கைத் தாங்குகிற பேரிங் ஓடு ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்துப் பின்பக்கம் திருப்பினான். 0.50 என்று அடித்திருந்தது. "அண்ணே, இந்த இன்ஜினை இதுக்கு முன்னாடி எப்பயாவது பிரிச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். இல்லை. வாங்கினதிலிருந்து ஹெட்டைக்கூடத் தூக்கியதில்லை. அப்படியானால் உள்ளே இருக்க வேண்டியது எஸ்.டி.டி. (ஸ்டாண்டர்டு) என்று அடித்த கம்பெனி அளவு பேரிங். ஏற்கெனவே கிராங்க்கைக் கடைந்து அரை மில்லிமீட்டர் குறைத்த இன்ஜினில்தான் 0.50 போடுவார்கள். சாக்கின் மேல் கிடந்தது எங்கள் கிராங்க்கே இல்லை. தம்பி இதைச் சத்தமாகச் சொன்னதும் உள்ளே இருந்து இன்னொரு கிராங்க் வந்தது. பையன்கள் மாற்றி எடுத்து வைத்துவிட்டார்களாம்.

அன்றைக்கே டாடா ஏஸில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். பிரித்த கூலி, கழுவின கூலி, ஷெட் வாடகை என்று கணக்குச் சொல்லி 25,000இல் ஒரு பைசா திருப்பித் தரவில்லை.

தம்பி சொன்ன ஒரு வயதான மெக்கானிக் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தார். எங்கள் கிராங்க் கம்பெனி அளவிலேயே இருந்தது. சிலிண்டர் லைனரில் புதிதாகச் செய்யும்போது போடுகிற ஹோனிங் கோடுகள்கூட அழியவில்லை. இழுவை போனதற்குக் காரணம் அடைத்துப்போன ஏர் கிளீனரும் டீசலை ஒழுங்காக ஸ்பிரே செய்யாத நாசில்களும். லிஃப்ட் இறங்கியதற்குக் காரணம் தேய்ந்த ஓ-ரிங். இன்ஜினைத் தொடாமல் செய்திருந்தால் ஏழாயிரத்துக்குள் முடிந்திருக்கும் என்றார். பிரித்தாகிவிட்டதே, ரிங், பேரிங், கேஸ்கட் செட் போட்டு, வால்வு லேப்பிங் செய்து பூட்ட 38,000 ஆனது. அந்தக் குறுவைக்கு நாற்றங்கால் முதல் நடவு வயல் வரை வாடகை டிராக்டர்தான். அந்தச் செலவு தனி.

எல்லாப் பழைய வண்டியையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. சேற்றுழவு வண்டிக்கு இன்ஜினை விட கியர் பாக்ஸும் பின் அச்சும்தான் உயிர். ஆயில் சீல் போய்ச் சேற்றுத்தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தால் கியர் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கும். அடி பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் முதலில் தண்ணீர்தான் சொட்டும். அதை வருஷக்கணக்காகக் கவனிக்காமல் ஓட்டி, கியர் தானாக நழுவுகிறது, பின் அச்சில் சத்தம் வருகிறது, சாமானும் கிடைக்கவில்லை என்றால் அந்த வண்டியில் பணம் போடாதீர்கள். இன்ஜின் மட்டும் கோளாறு என்றால் பெரும்பாலும் ரிப்பேர்தான் லாபம் என்பது என் கருத்து.

மூடிய இன்ஜினே நிறையச் சொல்லும். லோடில் கருப்புப் புகை வந்தால் முதலில் காற்றும் நாசிலும்தான் பார்க்க வேண்டும். நீலப் புகை வந்து ஆயிலும் குறைந்தால் ரிங், வால்வு பக்கம் சந்தேகம். ஓடும்போது இன்ஜின் ஆவி வெளியேறுகிற ப்ரீதர் பைப்பில் புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா, சூடான பிறகு ஆயில் பிரஷர் விழுகிறதா, ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று நீங்களே பார்க்கலாம். இதற்கு மேல் சந்தேகம் என்றால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கிராங்க்கைக் கழற்றத் தேவையே இல்லை. கேஜ் வைக்காமல் ஃபுல் இன்ஜின் வேலை என்று சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

மாற்றுவது என்றே முடிவு செய்தாலும் ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டு முடிவு செய்யாதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வந்த பிறகு வாங்கினால்தான் அது கிடைக்கும். ஷோரூம்காரர் அவசரப்படுத்தி வாங்க வைத்தால் அதுவும் போய்விடும். ஐந்து ஏக்கருக்குள் சொந்த உழவு மட்டும்தான் என்றால், உழவன் செயலி வழியாக அந்தத் துறையின் டிராக்டரை வாடகைக்கு எடுத்து ஒரு பருவம் சமாளித்துப் பார்த்துவிட்டுக் கடனுக்குப் போகலாம்.

இதைப் படிக்கிற நேரத்தில் யாருடைய வண்டியாவது ஒரு ஷெட்டில் பிரிந்து கிடந்தால், இன்றைக்கே போய் இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், கிராங்க், பேரிங் ஓட்டின் பின்பக்கம், பம்ப், செல்ஃப் மோட்டார் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். கழற்றிய சாமான் பட்டியலை எழுதி அவர் கையெழுத்தோடு வாங்குங்கள். பணம் கொடுத்திருந்தால் ரசீது கேளுங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் பேரிங் ஓட்டின் போட்டோவையும், ஜிபேயில் அட்வான்ஸ் அனுப்பிய விவரத்தையும், இரண்டாவது மெக்கானிக் அளந்து எழுதிக் கொடுத்த தாளையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் இதே மாதிரி வேறு கிராங்க்கைக் காட்டியிருந்தால் கமெண்டில் ஊரை மட்டும் எழுதுங்கள், நான் தொடர்பு கொள்கிறேன்.