அஞ்சு கோட் சூட் காம்போவுக்கு அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புறவங்க, முக்கியமா பேங்க், ஹோட்டல்னு தினமும் கோட் சூட் போட்டே ஆகணும்ங்கற வேலைக்குப் போறவங்க, தயவுசெஞ்சு இதை முழுசா படிச்சிட்டு அப்புறம் கடைக்குப் போங்க. எனக்குப் போனது 1,14,000 ரூபாய். அதுல 60 ஆயிரம் அம்மா சீட்டு எடுத்துக் குடுத்தது. கடை பேரை இங்க போடல, கேஸ் போட்டிருக்கோம், வக்கீல் வேண்டாம்னு சொல்லிட்டாரு, ஆனா எப்படி ஏமாத்தினாங்கங்கறதை ஒண்ணு விடாம சொல்றேன், ஏன்னா இதே மாதிரி காம்போ விளம்பரம் இப்ப போனைத் தொறந்தா பத்து வருது.

துபாய்ல ஒரு பேங்க் கிளைல கஸ்டமரோட நேர்ல உக்காந்து பேசுற வேலை. ஆஃபர் லெட்டர் கூடவே டிரஸ் கோடும் வந்துச்சு, டார்க் கலர் சூட், டை, வேலை நாள் எல்லாத்துக்கும். என்கிட்ட அதுவரைக்கும் இருந்தது அக்கா ரிசப்ஷனுக்கு எடுத்த ஒரே கோட்டு. கிளம்ப மூணு வாரம்தான் இருந்துச்சு. அப்ப இன்ஸ்டாகிராம்ல பார்த்ததுதான் சென்னைல இருக்கற இந்தக் கடை, அஞ்சு சூட், ஒண்ணு 22,000, நூறு சதவீதம் வுல், ஃபுல் கேன்வாஸ், ரெண்டு ட்ரயல், 12 நாள்ல டெலிவரி.

கடைக்குள்ள போனா நம்பாம இருக்க முடியாது, அந்த மாதிரி வச்சிருந்தாங்க. ஒரு கோட்டைப் பாதியா வெட்டி உள்ள இருக்கற கேன்வாஸ் தெரியற மாதிரி பொம்மைல மாட்டியிருந்தாங்க. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், கோட்டோட முன்பக்கம் விறைப்பா நிக்கறதுக்கு மேல் துணிக்கும் லைனிங்குக்கும் நடுவுல ஒரு துணி குடுப்பாங்க. நல்ல கோட்டுல அது குதிரை முடி கலந்து நெய்த கேன்வாஸ், அதைக் கையால சின்னச் சின்னத் தையலா போட்டுப் பிடிப்பாங்க, போடப் போட நம்ம உடம்புக்குத் தக்க படியும். விலை கம்மி கோட்டுல பசை தடவின துணியை ஹீட் வச்சு ஒட்டிடுவாங்க, அதுக்குப் பேரு ஃப்யூசிங். ஃப்யூசிங்கே தப்புன்னு நான் சொல்ல வரல, சரியான மெஷின்ல சரியான சூட்டுல ஒட்டி, நியாயமான விலைக்கு, இது ஃப்யூசிங்தான்னு சொல்லி வித்தா அது ஒழுங்கான சரக்குதான், நாம கடைல ரெடிமேடா வாங்கற முக்கால்வாசி கோட்டு அப்படித்தான். கேன்வாஸ்னு காசு வாங்கிட்டு ஒட்டிக் குடுக்கறதுதான் களவாணித்தனம்.

எனக்கு அளவு எடுத்தது ஒரு சின்னப் பையன், டேப்ல பார்த்துப் பார்த்து போன் ஆப்ல ஏத்தினான். கட்டிங் மாஸ்டர் எங்கன்னு கேட்டேன், யூனிட்ல இருக்காரு சார்னு சொன்னாங்க. கடைசி வரைக்கும் அந்த மாஸ்டரை நான் பார்க்கவே இல்ல. துணி சாம்பிள் புக்கைக் காட்டினாரு ஓனர், ஓரத்துல சூப்பர் 150னு எழுதியிருந்துச்சு, இத்தாலி துணின்னாரு. நான் கேக்காமலே அவரே ஒரு நூலை உருவி லைட்டர்ல கொளுத்திக் காட்டினாரு, முடி கருகுற வாசம் வந்துச்சு, வுல் இப்படித்தான் சார் இருக்கும்னாரு. நான் அங்கயே விழுந்துட்டேன். அந்த சாம்பிள் நிஜமாவே வுல்தான், அதுல பொய் இல்ல. தைச்சுக் குடுத்த துணிதான் வேற.

அப்புறம் கை பட்டன் சமாச்சாரம். மணிக்கட்டுகிட்ட இருக்கற நாலு பட்டனும் சும்மா தைச்சு வைக்காம நிஜமா தொறக்கற மாதிரி காஜா எடுத்துத் தரோம், அதுதான் சார் கிளாஸ், கோட்டுக்கு 800 எக்ஸ்ட்ரான்னாரு. அதுக்கும் சரின்னேன். மொத்தம் 1,14,000, முழுசும் முன்னாடியே யூபிஐல, கடை கணக்குக்கு இல்ல, ஓனரோட சொந்த நம்பருக்கு. பில் கேட்டா டெலிவரி அப்ப ஜிஎஸ்டி பில் தரோம்னு சொல்லி ஒரு துண்டுச் சீட்டுல அஞ்சு சூட்னு எழுதிக் குடுத்தாங்க.

ரெண்டு ட்ரயல்னு சொன்னது ஒண்ணாச்சு, அதுவும் ஒரே ஒரு கோட்டுக்கு. ட்ரயல்னா வெள்ளை நூல்ல பெருசு பெருசா தையல் போட்டு, கை ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கணும், அப்பதான் சோல்டர், ஆர்ம்ஹோல் எல்லாம் பிரிச்சுத் திருத்த முடியும். எனக்குக் காட்டினது லைனிங் வரைக்கும் தைச்சு முடிச்ச கோட்டு. முதுகுல காலருக்குக் கீழ துணி சுருண்டு நிக்குதுன்னு சொன்னேன், ஃபைனல் பிரெஸ்ல போயிரும்னாங்க. மிச்ச நாலும் ஃபிளைட்டுக்கு முந்துன நாள் ராத்திரி ஒன்பதரைக்கு பைக்ல வந்துச்சு, பில் இல்லாம. போட்டுப் பார்க்க நேரமே இல்ல, பெட்டியை மூடிட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடுனேன். நேரம் பார்த்து அப்படிக் கொண்டு வந்தாங்கன்னுதான் இன்னைக்கு வரைக்கும் நான் நம்புறேன்.

துபாய்ல முதல் வாரமே ரெண்டு கோட்டுல கை ஒரு இஞ்சு நீளம், கட்டை விரல் வரைக்கும் வந்து நிக்குது. கராமால ஒரு தையல் கடைக்கு எடுத்துட்டுப் போனேன், அவரு கையைத் திருப்பிப் பார்த்துட்டு கீழ குறைக்க முடியாது, காஜா வெட்டியாச்சு, பட்டன் மணிக்கட்டு விளிம்புல போய் நிக்கும், சோல்டர்ல பிரிச்சுத்தான் ஏத்தணும், ஒரு கோட்டுக்கு 150 திர்ஹாம்னாரு. அளவு சரியா இருக்குன்னு போட்டுப் பார்க்காம கைல காஜா வெட்டக் கூடாதாம், எந்த நல்ல டெய்லரும் அதைக் கடைசிலதான் செய்வாராம். எதுக்கு எக்ஸ்ட்ரா காசு குடுத்தேனோ அதுவே கோட்டைத் திருத்த விடாம பண்ணிடுச்சு.

ஜூன், ஜூலை வந்ததும் தெரிஞ்சுது துணியோட லட்சணம். நான் அல் நஹ்தா பக்கம் தங்கியிருக்கேன், ஸ்டேடியம் மெட்ரோ ஸ்டேஷன்ல கிரீன் லைன் ஏறி யூனியன்ல ரெட் லைனுக்கு மாறணும். வீட்டுல இருந்து ஸ்டேஷனுக்கு எட்டு நிமிஷ நடை, வெயில் 42, 43னு நிக்கும். கோட்டைக் கைல போட்டுக்கிட்டுதான் நடப்பேன், ஆனா பேன்ட்டைக் கழட்ட முடியுமா, தொடை ரெண்டும் நனைஞ்சு ஒட்டிக்கும், ஆபீஸ் ஏசில போய் உக்காந்தா ஜில்லுன்னு ஆயிரும், மத்தியானம் ஒரு வாடை வரும் பாருங்க, கஸ்டமர் பக்கத்துல உக்கார கூசும். பக்கத்து சீட் எகிப்துக்காரர் ஒருத்தர் அதே வெயில்ல வர்றாரு, மெல்லிசா லூஸ் நெசவுல இருக்கற வுல் சூட், பாதி லைனிங்தான், அவருக்கு இந்த அவஸ்தை இல்ல. வுல்லுன்னா குளிருக்குப் போடுறதுன்னு நாம நினைக்கிறோம், ஆனா சரியான வுல் ஈரத்தை உள்ள வாங்கி வெளிய விடும், பாலியஸ்டர் நம்மள உள்ள வச்சு அவிக்கும்.

நாலாவது தடவை டிரை கிளீனிங் போட்டப்ப நேவி கலர் கோட்டுல நெஞ்சுக்குக் கீழ கொப்புளம் கொப்புளமா வந்துடுச்சு, பொரிச்ச அப்பளம் மாதிரி. லாண்டரில இருக்கற மலையாளி சேட்டன் விரலை வச்சு நீவிப் பார்த்துட்டு, தம்பி இது பசை விட்டுப் போச்சு, இனி ஒட்டாதுன்னு சொன்னாரு. எனக்கு கேன்வாஸ்னு சொன்னாங்களேன்னேன், அவரு ஒண்ணும் பேசல, கவுன்டர்ல கோட்டை மடிச்சு வச்சாரு. அடுத்த மாசம் கிரே கோட்டும் அதே. பேன்ட் மூணு உள் தொடைல முடிச்சு முடிச்சா எழும்பி, ஒண்ணு பின்பக்கம் தையலோட பிரிஞ்சுச்சு. லேசா விரிச்சுத் தைக்கலாம்னு பார்த்தா உள்ள கால் இஞ்சு துணிகூட விடல.

கடைக்கு போட்டோ அனுப்பினேன். முதல்ல லாண்டரில ஹீட் ஜாஸ்தி வச்சிருப்பாங்கன்னாங்க. அப்புறம் துபாய் கிளைமேட்னாங்க. ஃபுல் கேன்வாஸ்னு அவங்க எழுதின மெசேஜையே எடுத்து அனுப்பினேன், அதோட பிளாக்.

டிசம்பர் லீவுல மதுரைக்கு ரெண்டு கோட்டை எடுத்துட்டுப் போனேன். எங்க மாமா முப்பது வருஷம் மீனாட்சி கோயிலுக்கு எதிர்ல இருக்கற புதுமண்டபத்துல தையல் மெஷின் போட்டு உக்காந்தவரு, அங்க இருந்த கடைங்க குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுறதுக்கு முன்னாடியே கண்ணு சரியில்லன்னு விட்டுட்டாரு. கோட்டை வாங்கி மடில போட்டு, ஒரு வார்த்தை பேசாம, பிளேடால கீழ் மடிப்புத் தையலை ஒவ்வொண்ணா அறுத்தாரு. லைனிங்கை மேல தூக்கினா உள்ள வெள்ளையா ஒரு பேப்பர் மாதிரி ஒட்டியிருக்கு, சோல்டர்ல இருந்து கீழ வரைக்கும். அதுக்கு மேல நெஞ்சுல மட்டும் உள்ளங்கை அளவுக்கு ரெண்டு மடங்கு ஒரு கேன்வாஸ் துண்டு.

"இதைத்தான் மாப்ளே கிள்ளிப் பார்க்கச் சொல்லி உன்னை நம்ப வச்சிருப்பாங்க" ன்னாரு. ஆமா, அதேதான். கடைல லேப்பல், அதாவது கோட்டு முன்னாடி மடிஞ்சு நிக்கற காலர் பகுதி, அது பக்கத்துல நெஞ்சுல கிள்ளிப் பாருங்க சார், நடுவுல ஒரு துணி தனியா நழுவுதா, அதுதான் கேன்வாஸ்னு சொல்லித்தான் காட்டினாங்க. ஒட்டுன கோட்டுலயும் நெஞ்சுல அந்தத் துண்டு இருக்கும், அதனால அங்க கிள்ளினா ஏமாந்துருவோம். கடைசி பட்டனுக்குக் கீழ, விளிம்புக்குப் பக்கத்துல கிள்ளணும். மேல் துணியை ஒரு கையால, உள் பக்கத்தை ஒரு கையால பிடிச்சு மெதுவா பிரிச்சுப் பார்த்தா நடுவுல மூணாவதா ஒண்ணு தனியா நழுவினா ஃபுல் கேன்வாஸ். ரெண்டுதான் இருக்கு, மேல் துணி அட்டை மாதிரி விறைப்பா இருக்குன்னா அந்த இடம் ஒட்டினதுதான். நெஞ்சு வரைக்கும் மட்டும் கேன்வாஸ் வைக்கற பாதி கேன்வாஸ் கோட்டும் கீழ ஒட்டித்தான் இருக்கும், அதையும் ஃபுல்னு சொல்லி விக்கக் கூடாது.

அப்புறம் மாமா உள் தையல்ல இருந்து நீளவாக்குல ஓடுற பாவு நூல் ஒண்ணு, குறுக்க ஓடுற ஊடை நூல் ஒண்ணு தனித்தனியா உருவினாரு. ஏன் ரெண்டுன்னா சில துணில ஒரு பக்கம் மட்டும் வுல் ஓடும். சமையல்கட்டுல இடுக்கில பிடிச்சு நெருப்புல காட்டினாரு. வுல்லா இருந்தா நெருப்பை விட்டு சுருண்டு, எடுத்ததும் தானா அணைஞ்சு, சாம்பல் விரல்ல பொடியா உதிரணும். இது உருகி, கறுப்புப் புகை விட்டு, முனைல மணி மாதிரி கெட்டியா உருண்டுச்சு. ஆறினதும் அந்த மணியை என் உள்ளங்கைல வச்சாரு, நகத்தால அழுத்தினேன், உடையல. "டெரி ரேயான், பாலியஸ்டரும் ரேயானும் கலந்தது, நாங்க டீஆர்னு சொல்லுவோம், ஸ்கூல் யூனிஃபார்முக்கு வர்ற ரகம், மீட்டர் முன்னூறுக்கு மேல போகாது மாப்ளே, 58 இஞ்சு அகலத்துல மூணேகால் மீட்டர்ல உனக்கு ஒரு சூட் முடிஞ்சிரும்". அப்ப ஒரு சூட்டுக்குத் துணி ஆயிரம் ரூபாய் கணக்கு. அம்மா அடுப்புகிட்ட நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க, ஒண்ணும் சொல்லல, எனக்குத்தான் அவங்க முகத்தைப் பார்க்க முடியல.

அந்த சூப்பர் 150ங்கறதுக்கும் ஒரு வார்த்தை. அது வுல் முடியோட மெல்லிசு கணக்கு, 100ன்னா ஒரு முடி சுமார் பதினெட்டே முக்கால் மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), 150ன்னா சுமார் பதினாறேகால். சர்வதேச வுல் அமைப்போட விதிப்படி சுத்தமான புது வுல்லுக்குத்தான் அந்த சூப்பர்ங்கற வார்த்தையைப் போடலாம், பாலியஸ்டர் கலந்ததுக்குப் போடக் கூடாது, ஆனா துணி ஓரத்துல எதை வேணா நெய்யலாம், யாரும் வந்து பார்க்கப் போறதில்ல. இன்னொண்ணு, அது நிஜ 150ஆவே இருந்தாலும் தினமும் ஆபீசுக்குப் போட லாயக்கில்ல, ரொம்ப மெல்லிசு, சீக்கிரம் கசங்கும், தொடைல சீக்கிரம் தேயும். தினப்படிக்கு 100, 110, மிஞ்சினா 120. நம்பர் ஏற ஏற நல்லதுன்னு எந்த ஓனராவது சொன்னா, உங்க வேலை என்னன்னு தெரிஞ்சுக்க அவருக்கு அக்கறை இல்லன்னு அர்த்தம்.

போறவங்களுக்கு நான் கெஞ்சிக் கேட்டுக்கறது, அஞ்சையும் ஒரே நேரத்துல ஆர்டர் பண்ணாதீங்க. ஒண்ணு தைங்க, நேவியோ கரி கிரேயோ, அதைப் போட்டு வேலைக்குப் போங்க, ஒரு மாசம் போகட்டும், ரெண்டு தடவை டிரை கிளீனிங் போட்டுப் பாருங்க, நிக்குதா, அப்புறம் ரெண்டாவது. முதல் மாசத்துக்கு நடுத்தர விலைல ரெடிமேட் ரெண்டு வாங்கி சமாளிச்சிரலாம், யாரும் கவனிக்கறதில்ல, நான் பயந்த அளவுக்கு ஒண்ணுமே இல்ல. அஞ்சு கோட்டும் தேவையில்ல, மூணு கோட்டுக்கு ஆறு பேன்ட் போதும், ஏன்னா முதல்ல போறது எப்பவும் பேன்ட்தான், பின்னாடி அதே துணி கிடைக்காது. வாராவாரம் டிரை கிளீனிங் போடாதீங்க, பிரஷ் பண்ணி ஒரு நாள் காத்தாட தொங்க விட்டாலே வுல்லு தானா நிமிரும். துணியை பில்லோட நீங்களே தனியா வாங்கி டெய்லர்கிட்ட குடுங்க, அதுல ஒரு ஓரம் வெட்டி வீட்டுல வச்சுக்கோங்க. காசு பாதிக்கு மேல முன்னாடி குடுக்காதீங்க, யாரோட சொந்த நம்பருக்கும் போடாதீங்க.

ஏற்கனவே மாட்டினவங்க கோட்டைத் தூக்கிப் போட்டுறாதீங்க, கடையோட பேசின மெசேஜை அழிச்சிராதீங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, நான் முதல்ல அங்கதான் பதிஞ்சேன். அவங்க கடைக்கு அனுப்பினதும் பத்து நாள்ல பிளாக் எடுத்துட்டு, ரெண்டு கோட்டு மட்டும் புதுசா தைச்சுத் தரோம்னு மெசேஜ் வந்துச்சு. அம்மா வேண்டாம்னுட்டாங்க, திரும்ப அதே துணியைத்தான் தைப்பான்னாங்க. மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல 2019 சட்டப்படி அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், கடை இருக்கற ஊருக்குத்தான் போகணும்னு இல்ல, நாம இருக்கற ஊர்லயே போடலாம். மதுரைல போட்டிருக்கோம், அம்மாதான் அலையிறாங்க. ஜிஎஸ்டி பில் இல்லாதது பெரிய குறை, ஆனா யூபிஐ ரசீதும் ஃபுல் கேன்வாஸ்னு அவங்களே எழுதின மெசேஜும் இருக்கு.

பிரிச்ச கோட்டைத் திரும்பத் தைக்கல. லைனிங் தொங்கத் தொங்க அப்படியே பெட்ஷீட்ல சுத்தி மாமா வீட்டு பீரோல இருக்கு, உருவின நூலும் அந்தக் கறுப்பு மணியும் ஒரு கவர்ல, மேல தேதி போட்டு மாமா கையெழுத்து.