ஆர்லிஸ்டாட்: எண்ணெயைக் காட்டிக்கொடுக்கும் மாத்திரை

எடை குறைக்கும் ஊசி வந்து, அதன் விலையும் இறங்கிய பிறகு, எடை குறைக்கிற பழைய மாத்திரையான ஆர்லிஸ்டாட்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அண்ணி கேட்டுவிட்டார். "ஊசின்னா பயமா இருக்கு, நீ போடுற கேப்ஸ்யூலையே நானும் வாங்கட்டுமா?" என்கிறார். போனில் பதில் சொல்ல முடியவில்லை. ஸ்பீக்கரில் அண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த மாத்திரையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டுமென்றால் கழிப்பறையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதை அண்ணனை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது?

மருந்தைப் பற்றித் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். கொழுப்பைச் செரிக்க வைக்கிற லைபேஸ் என்ற நொதியை இது குடலிலேயே தடுத்துவிடும். 120 மில்லிகிராம், சாப்பாட்டோடு, மூன்று வேளை. சாப்பிட்ட கொழுப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் உடம்பில் ஒட்டாமல் போய்விடும். பசியை அடக்காது, படபடப்பு தராது, தூக்கத்தைக் கெடுக்காது. ரத்தத்தில் கலப்பது மிகமிகக் குறைவு. அமெரிக்காவில் 1999-இல் அனுமதி கிடைத்த மருந்து. இன்றுவரை சந்தையில் இருக்கிறது.

கொழுப்பு "போய்விடும்" என்று ஒரு சொல்லில் தாண்டிவிட்டேன் பாருங்கள். எனக்கு மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரும் அப்படித்தான் தாண்டினார்.

ஆரஞ்சு நிறத்தில் எண்ணெயாகப் போகும். வற்றக்குழம்பு கொதித்து இறக்கும்போது மேலே பிரிந்து நிற்குமே, அதே நிறம், அதே மினுமினுப்பு. தண்ணீர் ஊற்றினால் மிதக்கும், போகாது. பேசினின் விளிம்பைச் சுற்றி வளையமாகப் படிந்துவிடும். பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரைக் கொண்டுபோய்த்தான் கழுவ வேண்டும். இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தால் பரவாயில்லை. வெறும் வாயு என்று நம்பிய இடத்தில் எண்ணெயும் சேர்ந்து வந்துவிடும். அவசரம் என்றால் அப்படி ஓர் அவசரம். அடுத்த பஸ் ஸ்டாண்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. அட்டையோடு வருகிற தாளில் பொடி எழுத்தில் இதை "எண்ணெய்க் கசிவு" என்கிற பொருளில் நாகரிகமாகப் போட்டிருக்கிறார்கள். அலுவலகத்துக்கு நான் கறுப்பும் கருநீலமுமாகவே சுடிதார் போட்டு வர ஆரம்பித்ததற்குக் காரணம் இதுவரை யாருக்கும் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது, போகட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். இது எல்லா நாளும் நடப்பதில்லை. எண்ணெய் குறைவாகச் சாப்பிட்ட மறுநாள் ஒன்றுமே தெரியாது. எண்ணெய் கூடினால்தான் கூத்து. இந்தக் கணக்கு பிடிபட்டதும் எனக்கு மாத்திரையின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. எந்தச் சாப்பாட்டில் எவ்வளவு எண்ணெய் இருந்தது என்பதை ஓரிரு நாளில் எழுத்துப்பூர்வமாகச் சொல்லிவிடும் ஆள் இது ஒன்றுதான்.

பிரியாணி, பரோட்டா, பஜ்ஜி எல்லாம் மாட்டும் என்று எனக்கே தெரியும். மாட்டியவர்கள் வேறு பேர். எங்கள் கேன்டீன் முட்டைக்கோஸ் பொரியல். "ஆயிலே போடல மேடம், வெறும் தாளிப்புதான்" என்று சத்தியம் செய்வார் அந்த மாஸ்டர். மறுநாள் காலையில் தெரிந்தது அவருடைய தாளிப்பின் அளவு. கோயில் புளியோதரை, பிரசாதம் என்று உள்ளங்கையில் வாங்கியது. கையில் ஒட்டிய நல்லெண்ணெயைக் கோயில் தூணில் தேய்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது. ஹோட்டல் ரவா தோசை. சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள டயட் என்று நினைத்து வாங்கிய வெஜிடபிள் குருமா, அதில் இருந்தது காய்கறியை விட முந்திரியும் தேங்காயும்தான். இட்லியில் எண்ணெய் இல்லை, வாஸ்தவம். தேங்காய்ச் சட்னியில் இருக்கிறது. துருவிய தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு என்பது எந்த டயட் சார்ட்டைப் படித்தும் எனக்கு உறைக்கவில்லை, இந்த மாத்திரையால் உறைத்தது. மிளகாய்ப்பொடிக்குக் குழைத்த எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம்.

என் மாமியார் "நம்ம வீட்ல எண்ணெயே கிடையாது" என்று ஊருக்கெல்லாம் சொல்பவர். நான் ஒன்றும் பேசவில்லை. வாணலியில் நேராகச் சாய்க்கிற தூக்குவாளிக்குப் பதிலாக ஒரு டீஸ்பூனை அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். ஒரு டீஸ்பூன் என்றால் 5 மில்லி, 40 கலோரிக்குக் கொஞ்சம் மேலே. முதல் வாரம் ஸ்பூன் காணாமல் போனது. அப்புறம் அவரே எண்ண ஆரம்பித்தார். மாதம் வாங்குகிற எண்ணெய் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பால் ஆரஞ்சுப் பாக்கெட்டிலிருந்து நீலப் பாக்கெட்டுக்கு மாறியது, அதாவது 6 சதவீதக் கொழுப்பிலிருந்து 3 சதவீதத்துக்கு. என் கணவருக்கு ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு இறங்கியது. மாத்திரை சாப்பிட்டது நான், பலன் அவருக்கு!

சரி, எனக்கு எடை இறங்கியதா? இறங்கியது. கொஞ்சம். பழைய ரவிக்கைகள் சில உள்ளே போகின்றன, சில போகவில்லை. மூன்று மாத சர்க்கரை அளவு எல்லையைத் தாண்டப் போனது, தாண்டாமல் நிற்கிறது. ஆனால் இதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, டீஸ்பூனின் பங்கு எவ்வளவு என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஸ்வீடனில் இதை வைத்தே நான்கு வருடம் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள், 3,305 பேரை வைத்து. முடிவு 2004-இல் வந்தது. எல்லாருக்கும் உணவுக் கட்டுப்பாடும் நடையும் உண்டு. ஒரு பாதிக்கு ஆர்லிஸ்டாட், மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. நான்கு வருட முடிவில் ஆர்லிஸ்டாட் சாப்பிட்டவர்கள் சராசரியாக 5.8 கிலோ குறைந்திருந்தார்கள், வெறும் மாத்திரைக்காரர்கள் 3 கிலோ. சர்க்கரை நோய் வந்தவர்களும் குறைவு: 9 சதவீதத்துக்குப் பதில் 6.2. சர்க்கரை பரம்பரையாக ஓடுகிற எங்கள் குடும்பத்துக்கு அந்தக் கடைசி எண்தான் முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடையைக் கேட்டால், மாத்திரைக்கு மட்டும் என்று சேர்வது நான்கு வருடத்தில் 2.8 கிலோ.

அது ஸ்வீடன். வெண்ணெயும் சீஸும் இறைச்சியுமாகச் சாப்பிடுகிற ஊர். நம் தட்டில் பிரதானம் சோறு. ஒரு நாளைக்கு 60 கிராம் கொழுப்பு சாப்பிடுகிறோம் என்று வையுங்கள். 30 சதவீதம் என்றால் 18 கிராம், கிராமுக்கு 9 கலோரி, ஆக மொத்தம் 160 கலோரி மிச்சம். வெந்த சோறு 100 கிராமில் 130 கலோரி. மதியம் ரசத்துக்கு இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டால் மாத்திரை செய்ததெல்லாம் சரிக்குச் சரி. சோற்றிடமும் சர்க்கரையிடமும் இந்த மாத்திரைக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. காபிக்கு இரண்டு ஸ்பூன் சீனி, நாலு மணிக்கு மேரி பிஸ்கட், ராத்திரி உப்புமா என்று ஓடிய மாதங்களில் கழிப்பறை சுத்தமாக இருந்தது, எடை மெஷினும் அசையாமல் இருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வரும். கல்யாண வீட்டுக்குப் போகிற நாளில் யாராவது இதைப் போடுவார்களா? பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் காரில் உட்கார்ந்து போய், பந்தியில் நெய் ஊற்றிய பருப்பும் வடையும் பாதாம் அல்வாவும் சாப்பிட்டுவிட்டு, மண்டபத்தில் நாற்பது பெண்களுக்கு இருக்கிற இரண்டு கழிப்பறையை நம்பி? நான் போடுவதில்லை. வளைகாப்பு, காதுகுத்து, தீபாவளி, ரயில் பயணம், ஆபீஸ் பார்ட்டி, எதற்கும் போடுவதில்லை. அதாவது கொழுப்பு நிறையச் சாப்பிடுகிற நாளில் மாத்திரை அட்டையிலேயே இருக்கும். இட்லியும் சாம்பாரும் சுட்ட அப்பளமுமாக இருக்கிற நாளில் ஒழுங்காகப் போட்டுக்கொள்வேன், அன்றைக்கு அதற்கு வேலை இல்லை. மெடிக்கலில் இருக்கிற தம்பியிடம் இதைச் சொன்னேன். "எல்லா அக்காவும் இதேதான் சொல்றாங்க" என்றார்.

காசு வேறு. மூன்று வேளைக் கணக்கில் வாங்கினால் ஒரு மாத மாத்திரையின் விலை எங்கள் வீட்டு ஒரு மாத எண்ணெய் விலையை விட அதிகம். எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கி, அதைவிட அதிகக் காசு கொடுத்து வெளியேற்றுகிறோம்.

ஆனாலும் இதைத் திட்டும்போதே பக்கத்தில் இருக்கிற மற்ற மாத்திரைகளைப் பார்த்தால் திட்ட மனம் வராது. பசியை அடக்குகிற சிபுட்ரமைன் ஒரு காலத்தில் நம் ஊரிலும் கண்டபடி ஓடியது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று தெரிந்து அமெரிக்காவில் 2010-இல் எடுத்தார்கள், இந்தியாவில் 2011-இல் தடை செய்தார்கள். அதற்கு முன்பு ரிமோனபான்ட், மனச்சோர்வுப் பிரச்சினையால் போனது. லோர்காசெரின் என்று ஒன்று, புற்றுநோய்ச் சந்தேகத்தில் 2020-இல் வாபஸ். தடை செய்த சிபுட்ரமைன் இப்போதும் "இயற்கை மூலிகை" என்று லேபிள் ஒட்டிய டப்பாக்களுக்குள் ரகசியமாகக் கலந்து வருவதை அமெரிக்க மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மூலிகைப் பவுடரில் மாதம் பத்து கிலோ குறைந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு மூலிகையின் மேல் நம்பிக்கை வருவதில்லை, டப்பாவின் மேல் பயம்தான் வருகிறது.

குடம்புளி மாத்திரையைக் கூட அண்ணி ஒரு தடவை வாங்கி வைத்திருந்தார், கார்சீனியா என்று வெளிநாட்டுப் பெயரோடு. நாகர்கோவிலில் மீன் குழம்புக்குப் போடுகிற அதே கறுப்புப் புளிதான். 1998-இல் 135 பேருக்கு 12 வாரம் அதன் சாரத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிட்டவர்கள் 3.2 கிலோ குறைந்தார்கள், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள் 4.1 கிலோ. குடம்புளி குழம்பிலேயே இருக்கட்டும், அங்கே அதற்கு இணை கிடையாது.

இவர்கள் பக்கத்தில் நிற்க வைத்தால் ஆர்லிஸ்டாட் யோக்கியன். செய்கிற வேலையை மறைக்காது, செய்யாத வேலைக்குப் பெருமை அடித்துக்கொள்ளாது. ஆனால் இஷ்டத்துக்கு வாங்கிப் போடுகிற சமாச்சாரமும் அல்ல. எனக்குத் தைராய்டு இருக்கிறது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பதால் காலை வேளையை டாக்டரே நீக்கிவிட்டார். கொழுப்போடு சேர்ந்து ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் போய்விடும் என்று ராத்திரி படுக்கும்போது ஒரு வைட்டமின் மாத்திரை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பித்தநீர் அடைப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே கூடாது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. கண் மஞ்சளானால் நிறுத்திவிட்டு ஓட வேண்டியதுதான்.

ஊசியோடு ஒப்பிடச் சொன்னால் போட்டியே இல்லை. செமாகுளுடைட் என்கிற ஊசியில் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் குறைந்தது என்று 2021-இல் வந்த ஆராய்ச்சி சொல்கிறது. நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியது என்பதும் அதே ஆட்களை வைத்துச் சொன்னதுதான். குமட்டலும் உண்டு. போட்டுக்கொண்டதில்லை என்பதால் அதற்கு மேல் எனக்குப் பேச உரிமை இல்லை.

அண்ணிக்கு என் பதில்: வேண்டாம். நீங்கள் எண்ணெயைவிடச் சோறும் இனிப்பும் சாப்பிடுகிற ஆள், இது உங்களுக்கு உதவாது. மாதத்தில் பாதி நாள் வெளியூர் பஸ்ஸில் போகிற ஆளும் கூட. டாக்டரிடம் போய் ஊசியைப் பற்றியே கேளுங்கள், ஊசி முனை நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. வேண்டுமானால் ஒரு டீஸ்பூன் வாங்கித் தருகிறேன். என்னிடம் மிச்சம் இருக்கிற அட்டையைக் கேட்காதீர்கள். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் சாப்பிடக் கூடாது, அது ஒரு காரணம். எனக்கு அது வேண்டும் என்பது இன்னொன்று. கேன்டீனில் மாஸ்டர் மாறியிருக்கிறார், புது ஆளும் "ஆயிலே போடல மேடம்" என்கிறார்.